கொசு அக்காவின் கைநடுக்கம்

அந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். தொல்லையே அதுதான். கெட்டவர்களோடு குடித்தனம் நடத்துவது சுலபம். கதவைச் சாத்திக்கொண்டால் தீர்ந்தது. நல்லவர்கள் அப்படியில்லை. நாம் கண் அசரும் நேரம் பார்த்து வந்து, நமக்கே தெரியாமல் உதவி செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த வீட்டு மருமகளைக் கொசு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. எழுந்து நடமாட முடியாதவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், கைக்குழந்தைகள், இவர்களின் வீடு தேடி மோட்டார் சைக்கிளில் போவாள். ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்புவாள். அவள் ஊசி குத்துவது குத்துகிற மாதிரியே இருக்காது. கொசு கடித்ததுபோல் சுருக்கென்று ஒன்று, அதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். ஒரு வாண்டுப் பயல் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள்கூட, "நரம்பு கிடைக்கலையா? கொசு அக்காவை வரச் சொல்லு" என்பார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்த பெயரா அது?

அவளுடைய அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கத்தியை எடுத்தால் கன்னத்தில் காற்று பட்டதுபோல் இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். ஐம்பதைத் தாண்டியதும் அவருடைய வலது கை மெல்ல ஆட ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி, பிறகு மணிக்கட்டு. ஒருநாள் நெருங்கிய நண்பர் ஒருவரின் காதில் கத்தி பட்டு ரத்தம் வந்துவிட்டது. நண்பர் சிரித்துக்கொண்டேதான் போனார். அப்பா மறுநாள் கடையைத் திறக்கவில்லை. பின்னாளில் இடது கையும் சேர்ந்துகொண்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு மகள் அவரைத் தன்னோடு அழைத்துவந்து வைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மாவுக்கும் அவருக்கும் டீயின் சூட்டிலிருந்து செய்தி சேனல்வரை எதிலும் ஒத்துப்போகாது. ஆனாலும் அவருடைய டம்ளரில் பாதியளவுதான் டீ ஊற்ற வேண்டும், நிறைய ஊற்றினால் சிந்தி அவர் சங்கடப்படுவார் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டது அந்த மாமியார்தான்.

கதை பஞ்சரில் ஆரம்பிக்கிறது. கிடங்குகள் வரிசையாக நிற்கும் நீளமான ரோடு ஒன்று உண்டு. அங்கே லாரி போகும், நாய் போகும், மனுஷர் யாரும் போக மாட்டார்கள். அங்கே வைத்து அவளுடைய முன் சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. மொட்டை வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் ஒரு கடையைக் கண்டுபிடிப்பதற்குள் பெட்டியில் ஐஸ் கரைந்து, அன்று எடுத்த ரத்தம் அத்தனையும் வீணானது. மறுநாள் எல்லோரையும் மறுபடி குத்த வேண்டியதாயிற்று. படுக்கையில் கிடக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஏற்கெனவே கன்றிப்போன கையை நீட்டிக்கொண்டே, "மறுபடியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கொசு அக்காவுக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லி முடித்ததும் அவள் புருஷன் வாயைத் திறந்தான். ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்ப்பவன்; தங்கமான மனுஷன்.

"நான் வேணா வண்டியை ஒரு தடவை பாக்கட்டுமா?"

"நீங்க பாத்த லட்சணம்தான் தெரியுமே!"

செயினுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று பிரேக்குக்கும் சேர்த்துப் போட்ட புண்ணியவான் அவன். அன்று அவள் ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டியவள், அந்த வீட்டுக் கோழிக் கூண்டுக்குள் போய்த்தான் நின்றாள்.

"இதோ பாருங்க, எல்லாருக்கும்தான் சொல்றேன்" என்று கரண்டியை நீட்டிக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தாள். "இனிமே என் வண்டியில யாராவது கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன். பஞ்சர் ஆனா நான் பாத்துக்கறேன்."

மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். தட்டைப் பார்த்துக்கொண்டே ஆட்டினார்கள். அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு காலை வேளை. அவள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது கைப்பிடியில் இருந்த இரண்டு கைகளும் நடுங்கின. மெல்லிய நடுக்கம்தான். வேகத்தைக் குறைத்தாள், குறைந்தது. முதல் வீட்டுக்குப் போய் உறையைப் பிரித்து ஊசியை எடுத்தால், விரல்களுக்குள் எறும்பு ஓடுகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. குளிர்காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் நடுங்கியது. சில நாள் கழித்து இன்னும் பலமாக நடுங்கியது. அதன் பிறகு கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலும் முழங்கைவரை ஏறியது. இறங்கி நின்று நேரமாகியும் விரல் அடங்கவில்லை.

வேறு யாராவதாக இருந்தால் வண்டியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவள் அந்த அப்பாவின் மகள். பயம் தனக்குத் தெரிந்த வீட்டுக்குத்தான் முதலில் போகும். அவள் மனசு வண்டி பக்கம் திரும்பவே இல்லை. நேராக அப்பாவின் கைக்குப் போய் நின்றுவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சமையலறையில் யாரும் இல்லாதபோது டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். நடுங்குமோ, நடுங்குமோ என்று பார்த்தால் யார் கைதான் நடுங்காது? தண்ணீர் தளும்பும். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவாள். விடுமுறை நாளில் மட்டும் அவ்வளவாகத் தளும்பாது. ஓய்வில் இருந்தால் அப்பாவுக்கும் அப்படித்தானே என்று அதையும் தனக்கு எதிராகவே எழுதிக்கொண்டாள்.

டீச்சர் வீட்டில் முதன்முதலாக அவளுடைய ஊசி தவறியது. இரண்டாவது முறை குத்தித்தான் ரத்தம் வந்தது. டீச்சர் பஞ்சைத் தானே வாங்கி அழுத்திக்கொண்டார். கொசு அக்கா வெளியே வந்து ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, அதற்குள்ளேயே அழுதாள். ஹெல்மெட்டில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்து இருந்தது ஒரு குழந்தை. பிறந்து சில மாதங்களே ஆன பெண் குழந்தை. வாரா வாரம் ரத்தம் பார்த்துத்தான் டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்வார். பாதத்தில் நூல் மாதிரி நரம்பு. அவளைத் தவிர வேறு யாருக்கும் அகப்படாது. அந்தக் காலில் ஊசி வைக்க இந்தக் கையோடு போகலாமா? போகக் கூடாது என்று முடிவு செய்தாள். பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அடுத்தபடி கைத்திறமை உள்ளவன் தாடி. தாடி வைத்திருந்ததால் தாடி. மற்றபடி பூனைக்குட்டி மாதிரி சாது. அவனிடம், "இன்னிக்குப் பாப்பா வீட்டுக்கு நீ போயிட்டு வா" என்றாள்.

"என் வண்டி ஒர்க் ஷாப்ல கிடக்குதே அக்கா."

"என் வண்டியை எடுத்துட்டுப் போ."

தாடி வாயைப் பிளந்தான். அவள் வண்டியை அவள் புருஷன்கூடத் தொட முடியாது என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். சாவியை வாங்கிக்கொண்டு, அவள் மனசு மாறுவதற்குள் ஓடிவிட்டான்.

அவன் போனதும் அவள் மேனேஜரம்மாவின் அறைக்குப் போனாள். வெளிவேலை வேண்டாம், முன்னால் கவுன்ட்டரில் உட்கார்ந்து பெயர் பதிகிற வேலை கொடுங்கள் என்றாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?"

"முடியலை மேடம். அவ்வளவுதான்."

மேனேஜரம்மா பேனாவை மூடி வைத்தார். "சரி. நாளைலேருந்து உக்காரு. ஆனா எனக்குப் பிடிக்கலை" என்றார். வெளியே வந்து அந்த கவுன்ட்டர் நாற்காலியைப் பார்த்தாள். சுழல் நாற்காலி, நல்ல மெத்தை. அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்த அன்று ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

தாடி திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. ஐஸ் பெட்டி காலி.

"பாப்பாவோட அம்மா விடலை அக்கா. என் கையைப் பாத்துட்டு, கொசு அக்கா வந்தாத்தான் ஆச்சுன்னு கதவைச் சாத்தாத குறை. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை, நானே விட்டிருக்க மாட்டேன். இங்க பாருங்க." இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். விரல்கள் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன. "அந்த வண்டியில எப்படி அக்கா தினம் போறீங்க? முன் சக்கரம் அந்த உதறு உதறுது! இறங்கி இவ்வளவு நேரமாச்சு, இன்னும் எனக்கு ஆட்டம் நிக்கலை."

கொசு அக்கா அந்தக் கைகளையே பார்த்தாள். தாடியின் கைகள். தாடியின் அப்பா எந்தக் கடையையும் மூடியதில்லை. மனுஷர் இன்றைக்கும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னடா சொன்னே?" என்றாள்.

"வண்டி உதறுதுக்கா."

"இன்னொரு தடவை சொல்லு."

"உங்களுக்கு என்னக்கா ஆச்சு?"

அடுத்த தெரு பஞ்சர் கடைக்கு அவள் வண்டியில் ஏறிப் போகவில்லை, தள்ளிக்கொண்டே போனாள். கடைக்காரர் எப்போதும் யார் மேலாவது கோபமாக இருக்கும் ஆசாமி. முன் சக்கரத்தைக் கழற்றி, ஒரு பக்கமாக டயரை நெம்பி ரிம்மிலிருந்து விடுவித்தார். உள்ளிருந்து பச்சை நிறத்தில் கொழகொழவென்று ஒரு திரவம் வழிந்து அவருடைய செருப்பை நனைத்தது, வழிந்தது, இன்னும் வழிந்தது.

"இது டயரா, தண்ணித் தொட்டியா?" என்று கத்தினார். "எவன் இவ்வளவு சீலன்ட் ஊத்தினது?"

பஞ்சர் ஆகாமலிருக்க டயருக்குள் ஊற்றும் மருந்துதான் அது. ஆணி குத்தினால் காற்றோடு சேர்ந்து ஓட்டைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஊற்றினால் அளவாக ஊற்ற வேண்டும். ஊற்றிய கையோடு வண்டியை ஓட்டவும் வேண்டும், அப்போதுதான் உள்ளே சுற்றிலும் சமமாகப் பரவும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. ஒரே பக்கம் தேங்கி இறுகி, பன் ரொட்டி அளவுக்கு ஒரு கட்டி டயரின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதைப் பிய்த்து எடுத்து அவளிடம் காட்டினார்.

"ஒரு பக்கம் மட்டும் இந்தக் கனம். சுத்தும்போது உதறாம தாலாட்டுமா? ஆனா ஒண்ணு சொல்லணும். ரெண்டு ஆணி ஏறியிருக்கு பாருங்க. பொட்டுக் காத்து இறங்கலை."

"அப்போ என் கை?" என்றாள் கொசு அக்கா.

"கையா? கைக்கு நான் பஞ்சர் ஒட்டறதில்லைம்மா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அங்கே அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். கடைக்காரருக்குக் கோபமே போய்விட்டது. "டயருக்குப் போய் யாராவது அழுவாங்களா? புதுசாவே மாத்திடலாம், கண்ணைத் துடைங்க" என்றார். ரிம்மை வழித்துத் துடைத்துப் புது டயரை மாட்டினார். பிறகு இரண்டு சக்கரத்துக்கும் அளவாக, ஒரு தகரக் குவளையில் அளந்து ஊற்றினார். "பின்னாடி டயருக்கு ஒரு சொட்டுகூட ஊத்தலை. அதுலதான் ஆணி அதிகம் ஏறும். ஊத்தினவங்க மூளையே மூளை" என்று முணுமுணுத்துக்கொண்டே வால்வை முறுக்கினார்.

பாப்பாவின் வீட்டுக்கு அவளே போனாள். வழியெல்லாம் கைப்பிடி கல் மாதிரி நின்றது. வேகமாகப் போய்ப் பார்த்தாள், நின்றது. ஆனாலும் அந்த வீட்டுப் படியில் ஏறும்போது சந்தேகம் மறுபடி வந்தது. வண்டியும் ஆடியிருக்கலாம், கையும் ஆடலாம். ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

"வந்துட்டீங்களா!" என்று பாப்பாவின் அம்மா கதவை அகலத் திறந்தாள். "தாடி வெச்ச ஒருத்தரை அனுப்பினீங்களே, பாவம், என்னைவிட அவர்தான் பயந்துட்டார்."

பாப்பாவை மேசை மேல் துண்டு விரித்துப் படுக்கவைத்தார்கள். கொசு அக்கா கையைக் கழுவினாள், துடைத்தாள், குதிகாலைப் பிடித்துப் பாதத்தின் மேல் விரலால் தடவித் தேடினாள். இருந்தது அந்த நரம்பு. ஊசியை எடுத்தாள். தன் கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் பார்த்தாள். ஊசி போனது. குழாயில் சிவப்பாக ஒரு துளி தெரிந்தது, அதன் பின்னால் மீதியும் வந்தது. பாப்பா, காலை ஏன் பிடித்து வைத்திருக்கிறாய் என்றுதான் அழுதாளே தவிர, குத்தியதற்கு அழவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் பாப்பாவின் அம்மா.

"அவ்வளவுதான்" என்றாள் கொசு அக்கா. அவளுக்கு அந்தப் பாதத்துக்கு முத்தம் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. கொடுத்தாள்.

வெளியே வந்த மாத்திரத்தில் மேனேஜரம்மாவுக்குப் போன் போட்டு, அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்காரவையுங்கள் என்று சொன்னாள். "நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லவே இல்லை. உன்னை எனக்குத் தெரியாதா?" என்றார் அந்த அம்மாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், அந்தப் பச்சைக் கட்டியை ஒரு காகிதத்தில் வைத்து மேசை நடுவில் வைத்தாள். மூன்று பேரும் பார்த்தார்கள். யாரும் என்னவென்று கேட்கவில்லை. அதிலேயே குட்டு உடைந்துவிட்டது.

"யாரு?" என்றாள்.

புருஷன் தொண்டையைச் செருமினான். "விடியறதுக்கு முன்னாடி, அடுப்பு மூட்டப் போற நேரத்துல ஒரு புட்டி ஊத்தினேன். ஊத்தினதும் ஓட்டணும்னு புட்டியில போட்டிருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணினா நீ முழிச்சுக்குவே. அதான் அப்படியே விட்டுட்டேன்."

"நீயாடா ஊத்தினே?" என்று மாமியார் ஆச்சரியப்பட்டாள். "நான்ல ஊத்தினேன்! நீ லீவுல மத்தியானம் தூங்கினியேம்மா, அன்னிக்கு. போன்ல வீடியோ பாத்து, வால்வைக் கழட்டி, குழாயை மாட்டி, ஒரு சொட்டுக் கீழ விடாம ஊத்தினேன். ஊத்தினதும் வண்டியை ஓட்டணும்னு அந்த வீடியோக்காரனும் சொன்னான்தான். எனக்கு வண்டி ஓட்டத் தெரிஞ்சா நான் ஏன் வீட்ல உக்காந்திருக்கேன்?"

"ஏன் அத்தை முன் சக்கரத்துக்கே?"

"அதுலதானே ஆணி குத்துச்சு? குத்தின இடத்துலதானே மருந்து போடணும்?"

புருஷனும் அதே நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினான். எல்லோரும் இப்போது அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"சம்பந்தி, நீங்களுமா?" என்றாள் மாமியார்.

"என் பங்கு கம்மிதான்" என்றார் அப்பா. "பாதிக்கு மேல தரையிலதான் ஊத்தினேன்."

முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு வீடே சிரித்தது. தன்னுடைய கையை வைத்து அவர் கேலி பேசி இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. கொசு அக்கா மூன்று பேரையும் வாய் வலிக்கத் திட்டினாள். திட்டுக்கு நடுவிலேயே எல்லோருக்கும் டீ போட்டாள்.

மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அப்பா உட்கார்ந்தே இருந்தார். அவள் டம்ளர்களை எடுக்க வந்தாள்.

"தண்ணி நிறைய ஊத்தி, தூக்கித் தூக்கிப் பாத்தியே" என்றார் அப்பா. "நான் பாத்துட்டேன்மா."

அவள் எடுத்த டம்ளரைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"நானும் அந்தக் காலத்துல அப்படித்தான் பாத்தேன், உங்கம்மாவுக்குத் தெரியாம. நீ செய்யறதைப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறு இறங்கலை. பொண்ணுக்குன்னு ஒண்ணும் சேத்து வெக்கலை, போயும் போயும் இதையா கொடுத்தோம்னு. உங்கிட்ட கேக்கவும் தைரியம் வரலை."

"வண்டிப்பா" என்றாள் அவள். "வெறும் வண்டிப்பா. இன்னிக்குப் பாப்பாவுக்கு ஒரே குத்துல எடுத்துட்டேன்."

"கையைக் காட்டு."

நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தன்னுடைய இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மூன்று கைகளும் சேர்ந்து ஆடின. அவர் கலங்கிப்போய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அது நீங்கப்பா" என்றாள். "விட்டுட்டுப் பாருங்க."

விடுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றதையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கைகள் மடியில் கிடந்து ஆடிக்கொண்டே இருந்தன. அவளுடைய கை நீட்டிய இடத்திலேயே அசையாமல் நின்றது.

அப்பா அதைப் பார்த்தார், போதும் போதும் என்கிறவரை பார்த்தார். பிறகு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டு, "அப்பாடா" என்றார்.